இரண்டாம் வருகை வசனங்களை எந்த ஆர்டர்ல, எப்படி வாசிக்கிறது? முழுமையான வழிகாட்டி

இயேசுவோட இரண்டாம் வருகையைப் பத்தி படிக்கணும்னு முடிவு பண்றவங்கள்ல பாதி பேர் நேரா வெளிப்படுத்தின விசேஷத்தைத்தான் திறக்கிறாங்க. நாலாவது அதிகாரம் வரைக்கும் ஓரளவு போகும், அப்புறம் முத்திரை, எக்காளம், வெட்டுக்கிளி, ஏழு தலை மிருகம்னு வந்ததும் தலை சுத்தி புக்கை மூடிட்டு யூட்யூப்ல போய் யாராவது சொல்றதை கேக்க ஆரம்பிச்சிடுறாங்க. பெரிய சீரியலோட கடைசி எபிசோடை மட்டும் பாத்துட்டு கதை புரியலன்னு சொல்ற மாதிரிதான் இது. அதனால இந்த வழிகாட்டில வெளிப்படுத்தின விசேஷம் கடைசியிலதான் வரும்.

ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடறேன். இந்த வசனங்களை இன்னைக்கு நியூஸோட பொருத்திப் பாக்குறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேக்கணும். இதை முதல்முதல்ல கேட்டவங்க யாரு, அவங்களை என்ன செய்யச் சொல்லி இது சொல்லப்பட்டுச்சு? இந்த ரெண்டையும் கேட்டுட்டு வாசிச்சா பயமுறுத்துற பிரசங்கங்கள்ல முக்கால்வாசி தானா அடங்கிடும். பைபிளும் ஒரு நோட்டும் இருந்தா போதும். நான் சொல்ற பேர், நம்பர் எல்லாம் பழைய மொழிபெயர்ப்புப்படி. கத்தோலிக்க பைபிள் வச்சிருந்தா வெளிப்படுத்தின விசேஷம் திருவெளிப்பாடுன்னும், அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள்னும் இருக்கும், அதிகாரம் வசனமெல்லாம் அதேதான்.

ஸ்டெப் 1: சண்டையே இல்லாததை முதல்ல எழுதுங்க

அப்போஸ்தலர் 1:6-11 எடுங்க. உயிர்த்தெழுந்த இயேசுகிட்ட சீஷர்கள் கேக்குற கடைசி கேள்வியே டைமிங் பத்திதான், இஸ்ரவேலுக்கு ராஜ்யத்தை இப்பவா திரும்பக் கொடுப்பீங்கன்னு. அவர் பதில், காலங்களையும் வேளைகளையும் அறியிறது "உங்களுக்கு அடுத்ததல்ல", நீங்க போய் சாட்சிகளா இருங்க. அப்புறம் அவர் மேல போறார், இவங்க அண்ணாந்து பாத்துட்டே நிக்கிறாங்க, வெண்வஸ்திரம் போட்ட ரெண்டு பேர் வந்து ஏன் வானத்தைப் பாத்துட்டு நிக்கிறீங்க, இதே இயேசு போன மாதிரியே திரும்ப வருவார்னு சொல்றாங்க. வாக்குத்தத்தமும் இருக்கு, சும்மா நின்னு வேடிக்கை பாக்காதீங்கன்னு ஒரு தட்டும் இருக்கு.

இதோட யோவான் 14:1-3, எபிரெயர் 9:27-28, 1 கொரிந்தியர் 15:51-52, மத்தேயு 24:27, 24:36 இதெல்லாம் சேர்த்து வாசிச்சா நோட்டுல அஞ்சு விஷயம் வரும். அவர் திரும்ப வருவார். அது மின்னல் மாதிரி எல்லாருக்கும் தெரியும். மரிச்சவங்க எழுந்திருப்பாங்க. நியாயத்தீர்ப்பு இருக்கு. நாள் யாருக்கும் தெரியாது. கி.பி. 325ல நிசேயா சங்கத்துல ஆரம்பிச்சு 381ல கான்ஸ்டான்டினோப்பிள்ல விரிவான விசுவாசப்பிரமாணத்துல, உயிரோட இருக்கிறவங்களையும் மரிச்சவங்களையும் நியாயந்தீர்க்க மகிமையோட திரும்ப வருவார்ங்கிற வரி இருக்கு. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், புராட்டஸ்டன்ட் எல்லாருக்கும் இது பொது. ஏழு வருஷ உபத்திரவமா, ஆயிரம் வருஷம் சொல்லர்த்தமா, மிருகம் யாருன்னு எல்லாம் இதுக்கு அப்புறம் வர்ற சண்டை. மின்னல் வசனத்துக்கும் இரகசிய வருகைக்கும் (சபை முதல்ல இரகசியமா எடுத்துக்கொள்ளப்படும்ங்கிற போதனை) எப்படி ஒத்துப்போகும்னு இப்பவே கேக்காதீங்க, வருவோம்.

நோட்டுல இந்தப் பக்கத்தை தனியா வச்சுக்கோங்க. பின்னாடி குழப்பம் வர்றப்ப இங்க திரும்ப வந்து பாக்கணும்.

ஸ்டெப் 2: துக்கத்துல இருந்தவங்களுக்கு எழுதின லெட்டர்

அடுத்தது 1 தெசலோனிக்கேயர். புதிய ஏற்பாட்டுலயே ரொம்ப ஆரம்பத்துல எழுதப்பட்ட புக்குகள்ல ஒண்ணு, ஏறக்குறைய கி.பி. 50, 51. பின்னணி அப்போஸ்தலர் 17ல இருக்கு: பவுல் தெசலோனிக்கேல ஜெப ஆலயத்துல மூணு ஓய்வுநாள் பேசுறார், கலகம் வருது, ராத்திரியோட ராத்திரியா அனுப்பி வச்சிடறாங்க. அதாவது புது விசுவாசிகள், பாடம் பாதில நின்னுபோச்சு. அதுக்குள்ள சபைல சிலர் இறந்துட்டாங்க. இருக்கிறவங்களுக்கு வந்த கவலை, அவர் வரும்போது எங்க ஆளுங்க மிஸ் பண்ணிடுவாங்களாங்கிறது.

இந்த கேள்வியை மனசுல வச்சுட்டு 4:13-18 வாசிச்சுப் பாருங்க, அந்தப் பகுதி முழுக்க வேற மாதிரி தெரியும். பவுல் இங்க கடைசிகால டைம்டேபிள் போடலை, துக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஆறுதல் சொல்றார். கிறிஸ்துவுக்குள்ள மரிச்சவங்க முதல்ல எழுந்திருப்பாங்க, அப்புறம்தான் உயிரோட இருக்கிறவங்க, அவங்களும் இவங்களும் ஒண்ணா மேகங்கள்மேல ஆகாயத்துல கர்த்தரை எதிர்கொண்டு போவாங்க. முடிக்கிறப்ப "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்"னு சொல்றார். ஆறுதலுக்காக எழுதின இதே பகுதியை வச்சு சின்னப் பசங்களை ராத்திரி தூங்கவிடாம பயமுறுத்துற பிரசங்கம் எத்தனை கேட்டிருப்பீங்க, அம்மா அப்பா எடுத்துக்கொள்ளப்பட்டுடுவாங்க நீ மட்டும் வீட்டுல இருப்பன்னு. அது எனக்கு சுத்தமா பிடிக்கல. பவுல் எதுக்காக எழுதினாரோ அதுக்கு நேர் எதிரா பயன்படுத்துறது அது.

இப்ப இரகசிய வருகை. சபை முதல்ல இரகசியமா எடுத்துக்கொள்ளப்படும், ஏழு வருஷ உபத்திரவம் வரும், அப்புறம் பகிரங்க வருகைன்னு ரெண்டு கட்டமா சொல்ற போதனையை ஒரு சிஸ்டமா அமைச்சு பரப்பினவர்ல முக்கியமானவர் ஜான் நெல்சன் டார்பிங்கிற போதகர், 1830கள்ல. அமெரிக்காவுல 1909ல வந்த ஸ்கோஃபீல்ட் குறிப்புப் பைபிள் வழியா அது உலகம் முழுக்க போச்சு, பெந்தெகொஸ்தே சபைகள்லயும் நிறைய சுயாதீன சபைகள்லயும் இன்னைக்கு இதுதான் சாதாரணமா கேக்குற போதனை. இதை நம்புறவங்க காட்டுற வசனங்கள் 1 தெசலோனிக்கேயர் 5:9 (கோபாக்கினைக்கென்று நியமிக்கப்படலை), வெளிப்படுத்தின விசேஷம் 3:10 (சோதனைகாலத்துக்குத் தப்பும்படி காப்பேன்), யோவான் 14:3. மின்னல் மாதிரி வர்றது ரெண்டாவது கட்டம்னு சொல்லுவாங்க. ஒத்துக்காதவங்க மத்தேயு 24:29-31ஐ காட்டுவாங்க, அங்க தெரிஞ்சுகொள்ளப்பட்டவங்களை தூதர்கள் சேர்க்கிறது உபத்திரவம் முடிஞ்ச உடனேன்னு இருக்கு, எக்காள சத்தமும் இருக்கு. 1 தெசலோனிக்கேயர் 4:16லயே ஆரவாரம், பிரதான தூதன் சத்தம், தேவ எக்காளம் மூணும் இருக்கே, இவ்வளவு சத்தத்தோட வர்றது எப்படி இரகசியம்னு கேப்பாங்க. என்னைக் கேட்டா ரெண்டாவது பக்கம்தான் வசனத்தோட ஒட்டி வருது, ஆனா முதல் பக்கம் நிக்கிறவங்க வசனமே இல்லாம பேசுறாங்கன்னு சொல்றதும் நியாயம் இல்ல. நோட்டுல நடுவுல கோடு போட்டு ரெண்டு தரப்பு வசனங்களையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க.

அப்படியே 5:1-11. திருடன் மாதிரி வரும்ங்கிற இந்த உவமை மத்தேயு 24:43, 2 பேதுரு 3:10, வெளிப்படுத்தின விசேஷம் 16:15லயும் வருது. "நீங்க அந்தகாரத்துல இல்லையே"ன்னு 5:4ல இருக்கிறதால நமக்கு மட்டும் தேதி தெரிஞ்சிடும்னு சிலர் இழுக்கிறாங்க. 5:6, 5:8 வாசிச்சா தெரியும், பவுல் கேக்குறது தெளிஞ்சிருங்க, விசுவாசம் அன்பு நம்பிக்கையை போட்டுக்கோங்கன்னுதான். கேலண்டரைப் பத்தி அங்க பேச்சே இல்ல.

ஸ்டெப் 3: அதே சபைக்கு ரெண்டாவது லெட்டர்

முதல் லெட்டர் போயும் அங்க குழப்பம் தீரலை. கர்த்தருடைய நாள் வந்தாச்சுன்னு யாரோ கிளப்பிவிட்டுட்டாங்க, பவுல் பேர்லயே லெட்டர் வந்த மாதிரி (2 தெசலோனிக்கேயர் 2:2). ஃபார்வர்ட் மெசேஜ் பிரச்சினை அப்பவே இருந்திருக்கு. பவுல் பதில், முதல்ல விசுவாசதுரோகம் நடக்கணும், பாவமனுஷன் வெளிப்படணும், அதுவரைக்கும் கலங்காதீங்க.

இதுல 2:6-7ல "தடைசெய்கிறவன்"னு ஒரு ஆள் வர்றார். யாரு? ரோம சாம்ராஜ்யம், பரிசுத்த ஆவி, ஒரு தூதன், சுவிசேஷப் பிரசங்கம், எல்லாம் சொல்லிப் பாத்தாச்சு. 2:5 கவனிங்க, நான் உங்ககிட்ட இருந்தப்பவே இதைச் சொன்னேனே ஞாபகம் இல்லையாங்கிறார். நேர்ல சொன்னது அவங்களுக்குத் தெரியும், நம்ம கையில இல்ல. ஆரம்பகால சபையோட பெரிய இறையியலாளர் அகஸ்டீன் மாதிரி ஆளே இந்த இடத்துல பவுல் என்ன சொல்றார்னு எனக்குத் தெரியலைன்னு வெளிப்படையா எழுதி வச்சிருக்கார். அதனால இந்த வசனத்துக்கு ஒருத்தர் நூறு சதவீதம் உறுதியா பேர் சொன்னா கொஞ்சம் தள்ளி உக்காருங்க.

மூணாவது அதிகாரத்தை விட்டுடாதீங்க. அங்க சிலர் வேலைவெட்டி இல்லாம ஒழுங்கில்லாம சுத்திட்டு இருந்திருக்காங்க, வருகை எதிர்பார்ப்புதான் காரணம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, பவுல் நேரடியா அப்படி சொல்லலை. வேலை செய்ய மனசில்லாதவன் சாப்பிடவும் வேண்டாம்னு முடிச்சிடறார். கடைசிகால போதனை கேட்டு வேலையை விட்டவங்க, படிப்பை நிறுத்தினவங்களுக்கு இந்த அதிகாரத்தைத்தான் முதல்ல கொடுக்கணும்.

பாவமனுஷனும் அந்திக்கிறிஸ்துவும் ஒண்ணுதானேன்னு கேப்பீங்க. இருக்கலாம், ஆனா அந்திக்கிறிஸ்துங்கிற பேர் 1 யோவான், 2 யோவான்ல மட்டும்தான் வருது. அங்கயும் 1 யோவான் 2:18ல இப்பவே அநேக அந்திக்கிறிஸ்துகள் இருக்காங்கன்னு, சபையை விட்டுப் போனவங்களைத்தான் சொல்றார். எல்லாத்தையும் ஒரே ஆள்மேல ஏத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் அதோட இடத்துல வாசிச்சிடுங்க.

ஸ்டெப் 4: மத்தேயு 24, மாற்கு 13, லூக்கா 21 மூணையும் பக்கத்துல பக்கத்துல வைங்க

இதுக்கு அவசரப்படாதீங்க, ரெண்டு மூணு நாள் எடுத்தாலும் தப்பில்ல. சம்பவம் ஒண்ணுதான். சீஷர்கள் தேவாலயத்தோட கட்டடங்களை காட்டுறாங்க, இயேசு இங்க ஒரு கல்லுமேல ஒரு கல் இருக்காதுன்னு சொல்றார். ஒலிவமலைல உக்காந்திருக்கும்போது கேக்குறாங்க. மாற்குல கேள்வி, இது எப்ப நடக்கும், அடையாளம் என்ன. மத்தேயுல அதோட "உம்முடைய வருகைக்கும் உலகத்தின் முடிவுக்கும்" அடையாளம் என்னன்னும் சேருது. ஆக பதில்லயும் ரெண்டு விஷயம் பின்னிப் பிணைஞ்சு வருது, ஒண்ணு எருசலேமோட அழிவு, இன்னொண்ணு அவர் வருகை. எந்த வசனம் எதுக்குன்னு பிரிக்கிறதுலதான் ஆயிரத்தெட்டு விளக்கம்.

முதல் விஷயம் நடந்து முடிஞ்சாச்சு. கி.பி. 70ல தீத்துங்கிற ரோமத் தளபதி, பின்னாடி பேரரசர் ஆனவர், எருசலேமை முற்றுகை போட்டுப் பிடிச்சார், தேவாலயம் எரிஞ்சு போச்சு. அந்த நேரத்துல ரோமர் பக்கம் இருந்த யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் இதை விரிவா எழுதியிருக்கார். இப்ப மத்தேயு 24:15 பாருங்க, "பாழாக்குகிற அருவருப்பு" பரிசுத்த ஸ்தலத்துல நிக்கிறதைக் காணும்போது யூதேயால இருக்கிறவங்க மலைகளுக்கு ஓடணும். அதே இடத்துல லூக்கா 21:20 என்ன சொல்லுது? எருசலேம் சேனைகளால சூழப்பட்டிருக்கிறதைப் பாக்கும்போது. புரியாத வரிக்கு இன்னொரு சுவிசேஷம் பக்கத்துலயே விளக்கம் மாதிரி வச்சிருக்கு. மாரிகாலத்துலயோ ஓய்வுநாள்லயோ ஓட வேண்டி வராம ஜெபம் பண்ணுங்கன்னு 24:20ல இருக்கு. மொத்த உலகமும் முடியிறப்ப மலைக்கு ஓடி என்ன பண்றது, மழையா வெயிலான்னு பாத்து என்ன பண்றது? ஆக இந்தத் துண்டு ஒரு குறிப்பிட்ட ஊர்ல இருந்து தப்பிக்கிறதுக்கான நடைமுறை அறிவுரைன்னு தெரியுது. எருசலேம் விசுவாசிகள் யுத்தத்துக்கு முன்னாடி யோர்தானுக்கு அந்தப் பக்கம் பெல்லாங்கிற ஊருக்குப் போயிட்டாங்கன்னு நாலாம் நூற்றாண்டு சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ் எழுதுறார். இதே வசனம் கடைசியில இன்னொரு தடவை பெரிய அளவுல நிறைவேறும்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதையும் நோட்டுல எழுதிக்கோங்க.

அடுத்து யுத்தம், பஞ்சம், கொள்ளைநோய், பூமியதிர்ச்சி. எங்க பூமியதிர்ச்சி வந்தாலும் உடனே 24:7 ஸ்டேட்டஸ்ல வந்திடும். அதுக்கு முந்தின வசனத்தை யாரும் போடுறதில்ல. 24:6ல "கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்", "ஆனாலும் முடிவு உடனே வராது"ன்னு இருக்கு. 24:8ல இதெல்லாம் வேதனைகளுக்கு ஆரம்பம்னு இருக்கு. அதாவது இந்த லிஸ்ட்டை இயேசு கொடுத்ததே இதையெல்லாம் பாத்து முடிவு வந்துருச்சுன்னு பதறாம இருக்கத்தான். அந்தப் பேச்சையே அவர் ஆரம்பிக்கிறது "ஒருவனும் உங்களை வஞ்சியாதபடிக்கு" பாத்துக்கோங்கன்னுதான். நாம என்னடான்னா பதறாதேன்னு கொடுத்த லிஸ்ட்டை எடுத்து பதறுறதுக்கு யூஸ் பண்றோம்.

அத்திமர உவமைக்கு வருவோம், 24:32. அத்திமரம்னா இஸ்ரவேல், துளிர்க்கிறது 1948ல நாடு உருவானது, ஒரு சந்ததி நாப்பது வருஷம், ஆக 1988னு ஒரு கணக்கு ஒரு காலத்துல பயங்கர ஃபேமஸ். 1988 வந்துச்சு, போச்சு, அப்புறம் சந்ததியோட நீளத்தை ஏத்திக்கிட்டே போறாங்க. லூக்கா 21:29ஐ பாத்தா "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும்" பாருங்கன்னு இருக்கு. அத்திமரம் ஒரு நாடுன்னா மத்த மரமெல்லாம் எந்த நாடு? இலை விட்டா வெயில் காலம் பக்கம்னு சொல்ற சாதாரண உவமை அது. மூணு சுவிசேஷத்தையும் சேர்த்து வைக்கச் சொன்னது இதுக்காகத்தான்.

24:34 "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது", இது உண்மையிலயே கஷ்டமான வசனம். அப்ப இருந்த ஜனங்கதான், கி.பி. 70ல நிறைவேறிச்சுன்னு ஒரு சாரார், யூத இனம்னு ஒரு சாரார், அடையாளங்களைப் பாக்குற கடைசி சந்ததின்னு ஒரு சாரார். சுவிசேஷத்துல மத்த இடங்கள்ல இயேசு இந்தச் சந்ததின்னா தன் முன்னாடி இருந்தவங்களைத்தான் பெரும்பாலும் சொல்றார் (மத்தேயு 12:41, 23:36 பாருங்க), அதனால நான் முதல் விளக்கத்துப் பக்கம். ஆனா ரெண்டு வசனம் தள்ளி "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" பிதா ஒருத்தர் தவிர யாரும் அறியார்னு வருது, மாற்கு 13:32ல குமாரனும் அறியார்னே இருக்கு. எருசலேம் அழிவு அந்தத் தலைமுறைக்குள்ள, அவர் வருகை நாளே தெரியாதது.

இன்னொரு சின்ன இடம், 24:40-41, ரெண்டு பேர் வயல்ல இருப்பாங்க, ஒருத்தன் எடுத்துக்கொள்ளப்படுவான் ஒருத்தன் கைவிடப்படுவான். எடுக்கப்படுறது நல்லதுன்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். முந்தின வசனத்துல நோவா காலத்து ஜலப்பிரளயம் வந்து ஜனங்களை "வாரிக்கொண்டு" போச்சு, மிஞ்சினது நோவா வீடு. அப்ப எடுக்கப்படுறது நியாயத்தீர்ப்புக்கா இருக்கலாமேன்னு கேக்குறவங்க இருக்காங்க. முடிவு உங்களுது, நான் சொல்ல வர்றது முந்தின வசனத்தை வாசிக்கிற பழக்கம்.

ஸ்டெப் 5: மத்தேயு 25ல நிறுத்தாம போங்க

24ல அடையாளம் படிச்சுட்டு 25ஐ ஞாயிறு பள்ளி கதைன்னு தாண்டிடுவாங்க. ரெண்டும் ஒரே பேச்சு. பத்துக் கன்னிகைகள்ல எல்லாரும் தூங்கிட்டாங்க (25:5), புத்தியுள்ள அஞ்சு பேரும்தான். வித்தியாசம் எண்ணெய்ல இருந்துச்சு, முழிச்சிருந்ததுல இல்ல. இருபத்துநாலு மணி நேரமும் பதட்டத்துல இருக்கிறதுக்குப் பேர் ஆயத்தம் இல்லைன்னு இது ஒண்ணே காட்டும்.

இன்னொண்ணு, இந்தப் பகுதில மூணு தடவை தாமதம் வருது. 24:48ல பொல்லாத வேலைக்காரன் என் ஆண்டவன் வர நாள் செல்லும்னு நினைக்கிறான், 25:5ல மணவாளன் வர தாமதிக்கிறான், 25:19ல தாலந்து கொடுத்த எஜமான் வெகுகாலம் கழிச்சு வர்றான். ரெண்டாயிரம் வருஷம் ஆச்சே இன்னும் வரலையேன்னு கேலி பண்றவங்களுக்கு பதில் தேடுறவங்க நேரா 2 பேதுரு 3க்கு போவாங்க, தாமதம் இயேசுவோட உவமைகளுக்குள்ளயே ஏற்கனவே இருக்கு. 2 பேதுரு 3:8-9ம் வாசிங்க, ஒரு நாள் ஆயிரம் வருஷம் போல, ஆயிரம் வருஷம் ஒரு நாள் போல. இதை ஃபார்முலாவா எடுத்து ஆறு நாள் ஆறாயிரம் வருஷம்னு கணக்கு போடுறவங்க அடுத்த வசனத்துக்கு போகமாட்டாங்க, அங்க ஒருத்தரும் கெட்டுப்போகக்கூடாதுன்னு பொறுமையா இருக்கார்னு காரணம் இருக்கு.

அப்புறம் செம்மறியாடு, வெள்ளாடு. பசியா இருந்தேன், வியாதியா இருந்தேன், காவல்ல இருந்தேன். ரெண்டு கூட்டமும் ஒரே கேள்விதான் கேக்குது, எப்ப ஆண்டவரே உங்களை அப்படிப் பாத்தோம்னு. நல்லது செஞ்சவங்களுக்கே தெரியல.

ஸ்டெப் 6: தேதி சொன்னவங்க கதையையும் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க

இரண்டாம் நூற்றாண்டுல மொந்தானுஸ்ங்கிற தீர்க்கதரிசியோட கூட்டம் இன்றைய துருக்கில இருக்கிற பெப்புசாங்கிற ஊர்ல புதிய எருசலேம் இறங்கும்னு நம்பினாங்க. அமெரிக்காவுல வில்லியம் மில்லர், தானியேல் 8:14ல இருக்கிற 2300 நாளை வருஷமா எண்ணி 1843, 1844னு சொன்னார், அவர் இயக்கம் கடைசியா 1844 அக்டோபர் 22ல வந்து நின்னுச்சு. அறுவடை பண்ணாம வயலை விட்டவங்கள்லாம் இருந்தாங்க. கொரியால ஒரு கூட்டம் 1992 அக்டோபர் 28னு சொன்னாங்க. அமெரிக்க ரேடியோ பிரசங்கியார் ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21னு ஊர் ஊரா விளம்பரப் பலகை வச்சார், நடக்கலைன்னதும் அக்டோபர் 21னு மாத்தினார், 2012ல தேதி சொன்னது பாவம்னு ஒத்துக்கிட்டார்.

தேதிக்கு கணக்கு போடுறவங்ககிட்ட பெரும்பாலும் ஒரே வேலைதான் தெரியும்: ஒரு புக்ல இருந்து ஒரு நம்பர், இன்னொரு புக்ல இருந்து ஒரு அளவுகோல், நியூஸ்ல இருந்து ஒரு ஆரம்ப வருஷம், மூணையும் கூட்டுறது. யாராவது வீடியோல இப்படி கூட்ட ஆரம்பிச்சா, அந்த நம்பர் இருக்கிற அதிகாரத்தை மட்டும் முழுசா வாசிச்சுப் பாருங்க. தானியேல் 8ல அந்த 2300க்கு கொஞ்சம் பின்னாடியே ஆட்டுக்கடா மேதியா பெர்சியா ராஜாக்கள், வெள்ளாட்டுக்கடா கிரேக்க ராஜான்னு தூதனே விளக்கம் சொல்ற தரிசனம் அது (8:20-21). தானியேல் 9ல எழுபது வாரம் (ஒரு வாரத்தை ஏழு வருஷமா எண்ணுவாங்க) பெரிய சண்டை, எழுபதாவது வாரத்தை தனியா பிரிச்சு எதிர்காலத்துல வைக்கலாமா கூடாதாங்கிறதுதான் மேட்டர், ஏழு வருஷ உபத்திரவங்கிற கணக்கே அங்க இருந்துதான் வருது. முதல் ரவுண்டுல அதை தாண்டிடுங்க. தானியேல் 7:9-14 மட்டும் கட்டாயம், மேகங்களோட வர்ற மனுஷகுமாரன்னு இயேசு தன்னைச் சொல்றது அங்க இருந்துதான்.

ஸ்டெப் 7: இப்ப வெளிப்படுத்தின விசேஷம்

இது பத்முத் தீவுல இருந்த யோவான்கிட்ட இருந்து, எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயாங்கிற ஏழு சபைக்கு வந்த லெட்டர். ரோமப் பேரரசர் டொமிஷியன் காலம், கி.பி. 95 பக்கம்னு பெரும்பாலானவங்க, அதுக்கு முந்தின பேரரசர் நீரோ காலத்தை ஒட்டின்னு சிலர். எப்படி இருந்தாலும் ரோம ஆட்சியோட அழுத்தத்துல இருந்தவங்களுக்கு அது புரிஞ்சிருக்கணும்.

முதல் ரூல், புக்கே விளக்கம் சொல்ற இடங்களை முதல்ல கோடு போடுங்க. 1:20ல குத்துவிளக்கு சபைகள், நட்சத்திரம் தூதர்கள். 17:9ல ஏழு தலை ஏழு மலை, 17:18ல ஸ்திரீ பூமியின் ராஜாக்கள்மேல ஆளுற மகா நகரம். அடையாளங்களா பேசுற புக்னு அதுவே சொல்லிடுது. ரெண்டாவது, ஒரு படம் பழைய ஏற்பாட்டுல எங்க இருந்து வருதுன்னு தேடுங்க.

மிருகத்தோட நம்பரான 666ஐ இப்படிப் பாருங்க. பார்கோடு, கிரெடிட் கார்டு, சிப், தடுப்பூசி எல்லாம் முத்திரைன்னு சொல்லியாச்சு. 13:16-18 வாசிச்சதும் அதிகாரம் முடிஞ்சிடுதேன்னு நிறுத்தாம 14:1 வாசிங்க: ஆட்டுக்குட்டியானவரோட நிக்கிறவங்க நெத்திலயும் பிதாவோட நாமம் எழுதியிருக்கு. நெத்தில அடையாளம்ங்கிறது எசேக்கியேல் 9:4ல, கையிலயும் கண்களுக்கு நடுவுலயும்ங்கிறது உபாகமம் 6:8ல ஏற்கனவே இருக்கு. நீ யாருக்கு சொந்தம், யாரை வணங்குறங்கிறதுதான் ரெண்டு இடத்துலயும் விஷயம். 14:1ல இருக்கிறது சிப் இல்லைன்னா 13:16ல மட்டும் ஏன் சிப்பா இருக்கணும்? நம்பரைப் பொறுத்தவரை நீரோ சீசர்ங்கிற பேரை எபிரெய எழுத்துல எழுதிக் கூட்டினா 666 வருது, சில பழைய கையெழுத்துப் பிரதிகள்ல 616னு இருக்கு, பேரோட லத்தீன் வடிவத்துக்கு அது பொருந்துது. இரண்டாம் நூற்றாண்டு பிஷப் ஐரேனியஸ் 616 தப்புன்னு சொல்லிட்டு, 666க்குப் பொருந்துற சில பேர்களையும் போட்டுப் பாத்துட்டு, இதுதான்னு உறுதியா சொல்றது ஆபத்துன்னு விட்டுட்டார். அவர் யோவானைத் தெரிஞ்ச பொலிகார்ப்பை நேர்ல பாத்தவர். அவருக்கே அவ்வளவு நிதானம்னா நமக்கு என்ன அவசரம்?

20ஆம் அதிகாரம், ஆயிர வருஷ அரசாட்சி. ரெண்டுல இருந்து ஏழு வரைக்கும் ஒவ்வொரு வசனத்துலயும் ஆயிரம் வருஷம் வருது, பைபிள்ல வேற எங்கயும் இந்த அரசாட்சிக்கு ஆயிரம் வருஷம்னு அளவு சொல்லலை. இயேசு வந்த பிறகு பூமில நடக்கிற அரசாட்சின்னு ஜஸ்டின், ஐரேனியஸ் மாதிரி ஆரம்பகால ஆளுங்க நம்பினாங்க. இது முதல் வருகைக்கும் ரெண்டாம் வருகைக்கும் நடுவுல இருக்கிற சபையோட காலம்னு ஐந்தாம் நூற்றாண்டுல அகஸ்டீன் எழுதினதுக்கு அப்புறம் மேற்குல ரொம்ப காலம் அதுதான் ஓடுச்சு. சுவிசேஷம் பரவி உலகம் மாறின பிறகு அவர் வருவார்னு மூணாவது ஒண்ணு, பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கப் போதகர் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் அந்தப் பக்கம். மூணு பேருமே ஸ்டெப் 1 நோட்டுல இருக்கிற அஞ்சையும் அப்படியே நம்பினவங்க, அதனால இதை வச்சு யாரையும் சபைக்கு வெளிய தள்ளாதீங்க.

இதெல்லாம் ஆன பிறகு ஒரு நாள் ரெண்டு மூணு பேரா உக்காந்து, முடிஞ்சா வேற வேற கருத்து இருக்கிறவங்களா பாத்து சேர்த்துக்கிட்டு, 22 அதிகாரத்தையும் ஒரே மூச்சுல சத்தமா வாசிங்க. ஒண்ணேகால், ஒன்றரை மணி நேரம் ஆகும். 1:3ல வாசிக்கிறவனும் கேக்குறவங்களும் பாக்கியவான்கள்னு இருக்கே, ஒருத்தர் வாசிக்க சபை உக்காந்து கேக்கத்தான் அது அனுப்பப்பட்டுச்சு. நடுவுல நிறுத்தி விளக்கம் சொல்லாதீங்க, மிருகம் வர்ற இடத்துல யாராவது வாயைத் திறந்தா அப்புறம் பேசலாம்னு சொல்லிட்டு தொடருங்க. எத்தனை தடவை அதுக்குள்ள பாட்டும் ஆராதனையும் வருதுன்னு மட்டும் ஒருத்தர் எண்ணிக்கிட்டே வரட்டும், வாசிச்சு முடிச்சதும் பேச்சை அங்க இருந்து ஆரம்பிங்க.